பெரியக்காவின் வலது கை

என் பெயர், தந்தை பெயர், குடியிருக்கும் முகவரி ஆகியவை முதல் தாளில் எழுதியிருப்பது சரி. என் வயது நாற்பத்து மூன்று. திருமணம் ஆகவில்லை. ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் பதினாறு வருடமாக இஸ்திரி போடும் வேலை செய்கிறேன். எழுதப் படிக்கத் தெரியும். என் உடன்பிறந்த தம்பி மீதும் கடன் நிறுவனத்தின் வசூல்காரர் மீதும் நான் கொடுத்த புகார் சம்பந்தமாக இன்று காலை பத்தரை மணிக்கு நிலையத்தில் ஆஜராகி, யாரும் சொல்லிக் கொடுக்காமல், நானாகச் சொல்வதாவது.

நானும் அக்காவும் ஒரே வீட்டில் இருக்கிறோம். தாய் தகப்பன் இல்லாத என்னையும் தம்பியையும் அக்காதான் வளர்த்தார். அவர் ஒரு பேருந்து நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்து, அந்தச் சம்பளத்தில் இரண்டு அறையும் சமையலறையும் உள்ள இந்த வீட்டை வாங்கினார். பத்திரம் அவர் பெயரில் உள்ளது. அவரும் திருமணம் செய்துகொள்ளவில்லை. தம்பிக்கு மட்டும் செய்து வைத்தார். அவன் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் தனி வீட்டில் இருக்கிறான். செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான்.

அந்தக் கடை வைப்பதற்காக அக்கா நான்கு வருடத்துக்கு முன் மேற்படி நிறுவனத்தில் தன் சம்பளத்தின் பேரில் கடன் வாங்கிக் கொடுத்தார். வீட்டை ஈடு வைத்தால் கூடுதலாகக் கிடைக்கும் என்று தம்பி கேட்டதற்கு அக்கா சம்மதிக்கவில்லை. “சம்பளத்து மேல எவ்வளவு வேணாலும் வாங்கிக்க. வீட்டுப் பேச்சை எடுக்காத. நாளைக்கு நான் போயிட்டா சின்னவளுக்கு நிக்க ஒரு இடம் வேணும்” என்று அக்கா சொன்னதை நான் சமையலறையில் இருந்து கேட்டேன். அதன் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பதினான்கு மாதத்துக்கு முன் அக்கா அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சரிந்துவிட்டார். மூளையில் இரத்தக் குழாய் அடைப்பு என்று மருத்துவமனையில் சொன்னார்கள். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சு போய்விட்டது. ஆனால் நாம் பேசுவது அவருக்குப் புரியும். ஆம் என்றால் தலையை மேலும் கீழும், இல்லை என்றால் பக்கவாட்டிலும் ஆட்டுவார். இதற்கு மருத்துவர் கொடுத்த சான்றின் நகலை இத்துடன் கொடுத்திருக்கிறேன்.

அதன் பிறகு அக்காவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். காலை ஐந்து மணிக்கு எழுந்து அவரைத் திருப்பிப் படுக்க வைத்து, துணி மாற்றி, உடம்பு துடைத்து, ஊட்டிவிட்டு, ஏழு மணிக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போவேன். இரண்டரைக்குத் திரும்பிவிடுவேன். நடுவில் எதிர்வீட்டு அம்மாள் ஒரு சாவி வைத்துக்கொண்டு பதினொரு மணிக்கு ஒரு தடவை எட்டிப் பார்ப்பார். அவருக்கும் மூட்டு வலி என்பதால் அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அக்காவின் சம்பளம் நின்ற பிறகு தவணையும் நின்றது. கடை நடத்துகிறவன் கட்டுவான் என்று இருந்தேன். அவன் கட்டவில்லை. அதன் பிறகு நிறுவனத்தின் வசூல்காரர் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். அவர் வந்துவிட்டுப் போனால் மாடிப்படி முழுக்க வாசனை நிற்கும் என்பதால் எங்கள் கட்டடத்தில் அவரைச் சென்ட்காரர் என்றுதான் சொல்வார்கள். அவர் சத்தம் போடவோ கெட்ட வார்த்தை பேசவோ இல்லை. அக்காவின் கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். அக்காவால் பேச முடியாது, என்னிடம் பேசுங்கள் என்று நான் சொன்னதற்கு, “பேச வராட்டி என்னம்மா, காது கேக்கும்ல” என்று சொல்லிவிட்டு, பாக்கி எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று அக்காவின் காதருகே குனிந்து படித்தார். வாரம் இரண்டு தடவை இப்படி நடந்தது. அவர் வந்துபோன நாட்களில் அக்கா படுக்கையிலேயே சிறுநீர் போய்விடுவார்.

அக்காவுக்குக் கை கால் பயிற்சி கொடுக்க வந்த பெண்தான், இதற்கெல்லாம் காசு வாங்காத சட்ட உதவி அலுவலகம் இருக்கிறது, அங்கே போனால் வீட்டுக்கு வந்து மிரட்டுவதையாவது நிறுத்தலாம் என்று எனக்குச் சொன்னார். அங்கே ஒரு நாளைக்குப் பதினைந்து டோக்கன்தான். ஏழு மணிக்கு வரிசையில் நிற்க வேண்டும், ஒன்பது மணிக்கு டோக்கன் கொடுப்பார்கள், கூப்பிட மதியம் ஒரு மணி ஆனாலும் ஆகும். வேலைக்கு விடுப்புச் சொல்லிவிடலாம், ஆறு மணிக்கே கிளம்பினால் அக்காவுக்கு யார் ஊட்டிவிடுவது என்று தெரியவில்லை. வேறு வழி இல்லாமல் தம்பிக்குப் போன் செய்தேன். அவன் ஏழு மாதமாக வீட்டுப் பக்கம் வரவில்லை. கடைக்கு ஆள் வைக்க முடியாது, பிள்ளைக்குப் பரீட்சை என்று ஏதாவது சொல்வான் என்று நினைத்தேன். “நீ போயிட்டு வா சின்னக்கா. நான் பாத்துக்கறேன். எனக்கும் அவ அக்காதானே” என்று சொன்னான். போனை வைத்துவிட்டு நான் கொஞ்ச நேரம் அழுதேன்.

முதல் தடவை போனபோது மேசையில் இருந்தவர், கடன் வாங்கியவர் நேரில் வர வேண்டும் என்றார். அவரால் எழுந்திருக்க முடியாது என்றேன். “சரி, அவங்க கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் குடுங்க” என்றார். கையும் வராது என்றேன். “கையும் வராது, காலும் வராதுன்னா நாங்க யாருக்கும்மா உதவி பண்றது” என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அன்று டோக்கன் வீணானது. இரண்டாவது தடவை மருத்துவர் சான்றோடு போனேன். உறவுமுறைக்கு அத்தாட்சி கேட்டார்கள். மூன்றாவது தடவை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய் டோக்கன் எண் பதினான்கு வாங்கி, பன்னிரண்டே காலுக்கு ஒரு பெண் வக்கீலைப் பார்த்தேன். அவர் அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டு, கடன் சம்பந்தப்பட்ட எல்லாத் தாள்களின் நகலையும் கேட்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதுவதாகச் சொல்லி, மறுவாரம் வரச் சொன்னார். அந்த டோக்கன் சீட்டை நான் பத்திரமாக வைத்திருந்து வக்கீலிடம் கொடுத்திருக்கிறேன். அதில் தேதியும் நேரமும் அச்சாகியுள்ளன.

அன்று மதியம் வீட்டுக்கு வந்தபோது தரை துடைத்திருந்தது. அக்காவின் படுக்கை விரிப்பு மாற்றியிருந்தது. அக்காவுக்குத் தலை வாரிவிட்டிருந்தான். அறையில் சென்ட் வாசனை அடித்தது. என்ன இது என்று கேட்டதற்கு, மூத்திர வாடை தாங்கவில்லை, அதனால் வாங்கி அடித்தேன் என்றான். எனக்குத் தோன்றாதது இவனுக்குத் தோன்றியிருக்கிறதே என்று நினைத்தேன். அவனுக்குச் சாப்பாடு போட்டு, பிள்ளைகளுக்கும் கட்டிக் கொடுத்து அனுப்பினேன்.

மறுநாள் காலை உடம்பு துடைக்கும்போது அக்காவின் வலது கைக் கட்டைவிரலில் நீல மை இருந்தது. நகத்தின் ஓரம் வரை ஏறியிருந்தது, சோப்புப் போட்டும் போகவில்லை. தம்பிக்குப் போன் செய்து கேட்டேன். பேனா பிடித்து எழுதப் பழக்கிப் பார்த்ததாகவும் பேனா ஒழுகிவிட்டதாகவும் சொன்னான். அதை நான் நம்பினேன். என் தம்பி அக்காவுக்கு எழுதச் சொல்லிக் கொடுக்கிறான் என்று சலவைப் பிரிவில் எல்லோரிடமும் சொன்னேன்.

அதன் பிறகு அக்காவிடம் சில மாற்றங்கள் தெரிந்தன. இடது கையால் வலது கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்து மூடிக்கொள்வார். துடைக்கக் கேட்டால் கொடுக்க மாட்டார். விழுந்த கையில் வலி வரும் என்று பயிற்சிக்காரப் பெண் சொல்லியிருந்ததால் வலி என்று நினைத்தேன். தம்பி அடுத்த இரண்டு நாளும் தானாகவே வந்தான். அவன் ஸ்பூனை நீட்டினால் அக்கா வாயை இறுக்கிக்கொண்டார்.

மறுவாரம் நான் நான்காவது தடவையாக வக்கீலைப் பார்க்கக் கிளம்பிய காலையிலும் அப்படித்தான் செய்தார். மசித்த வாழைப்பழத்தோடு தம்பி கால் மணி நேரம் நின்றான். எனக்கு வரிசைக்கு நேரமாகிவிட்டது. “உனக்காகத்தானே அவன் கடையைப் பூட்டிட்டு வந்து கிடக்கான். அவனையும் விரட்டிட்டு என்னை என்ன பண்ணச் சொல்ற” என்று சொல்லி அக்காவைக் கன்னத்தில் அறைந்தேன். இடது கன்னத்தில் அறைந்தேன். அந்தப் பக்கம்தான் அவருக்கு உணர்ச்சி உண்டு. இதை எழுத வேண்டியதில்லை, வழக்குக்குச் சம்பந்தமில்லை என்று இந்த வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளும் அதிகாரி சொன்னார். எழுதும்படி நான் கேட்டுக்கொண்டேன். தம்பி என் கையைப் பிடித்து, “விடு சின்னக்கா, பாவம் அவளுக்கு என்ன தெரியும்” என்றான். அதன் பிறகு அக்கா வாயைத் திறந்து சாப்பிட்டார். நான் கிளம்பிவிட்டேன்.

அன்று வக்கீல் என்னைப் பார்த்ததும் உட்காரச் சொல்லி, கதவைச் சாத்திவிட்டு வந்தார். நிறுவனத்தில் இருந்து வந்திருந்த தாள்களை மேசையில் பரப்பினார். “உங்க அக்கா கைநாட்டு வைக்கிறவங்களா?” என்று கேட்டார். இல்லை மேடம், முப்பது வருஷம் கணக்குத் தாளில் கையெழுத்துப் போட்டவங்க என்றேன். “அப்போ இது யாரோடது?” என்று ஒரு தாளைத் திருப்பிக் காட்டினார். பழைய கடன் பாக்கியோடு புதுக் கடன் சேர்த்து, வீட்டை ஈடாக வைத்து எழுதிய பத்திரம் அது. கீழே நீல மையில் பெருவிரல் ரேகை இருந்தது. சாட்சி இருவரில் ஒருவர் என் தம்பி. இன்னொருவர் மேற்படி வசூல்காரர். தேதியைப் பார்த்தேன். நான் அதே அலுவலகத்தில் டோக்கன் பதினான்கோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாள்.

கூடவே ஒரு புகைப்படம் இருந்தது. அக்காவைத் தலையணை வைத்து நிமிர்த்தி, நல்ல சேலையைப் போர்த்தி, தலை வாரி எடுத்திருந்தார்கள். சரியாமல் இருக்கத் தோளைப் பின்னாலிருந்து ஒரு கை பிடித்திருந்தது. படத்தில் ஆள் இல்லை, மணிக்கட்டு வரைதான் தெரிந்தது. அதில் கட்டியிருந்த கடிகாரம் தம்பியுடையது. அக்கா படத்தில் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். “தண்ணி குடிங்க” என்று வக்கீல் சொன்னார். குடித்தேன். அதன் பிறகு அவர், அக்காவுடன் இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். தம்பி இருக்கிறான் என்று சொன்னேன். அவர் என் பையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

வீட்டுக்கு வரும்போது மணி பதினொன்றரை. தம்பி அக்காவின் கட்டிலருகே போன் பார்த்துக்கொண்டிருந்தான். பத்திரத்தின் நகலை அவன் முன்னால் வைத்தேன். அவன் எடுத்துப் பார்க்கவில்லை. எங்களுக்குள் நடந்த பேச்சு எனக்கு நினைவு உள்ளவரை இதுதான்.

“உனக்கும் நல்லதுதானே பண்ணேன். பழைய பாக்கியை இதுல கழிச்சுட்டாங்க. இனிமே வீட்டுக்கு வந்து உக்கார மாட்டாங்க.”

“மிச்சம் எங்க?”

“கடைக்கு அட்வான்ஸ் குடுத்தேன். எனக்கும் வெளிய கடன் இருக்கு சின்னக்கா. சொன்னா உனக்குப் புரியாது.”

“வீட்டை வைக்க மாட்டேன்னு அவ உன் மூஞ்சிக்கு நேரா சொன்னா இல்ல. இப்ப அவளைக் கேட்டியா?”

“கேட்டா பதில் சொல்ற நிலைமையிலயா இருக்கா. நான் எப்பவும் அவ கையாலதான் வாங்கியிருக்கேன். இது ஒண்ணும் புதுசு இல்ல.”

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று செய்திருக்கிறாயே, அதுவும் நான் எந்தக் கடனுக்காக நாயாய் அலைகிறேனோ அந்தக் கடனை வைத்தே செய்திருக்கிறாயே என்று கேட்டேன். அவன் எழுந்து சட்டையைச் சரி செய்துகொண்டு, “போலீஸு கேஸுன்னு போனா போ. நாளைக்கு நீ வேலைக்குப் போற நேரத்துல இவளை யாரு பாப்பான்னும் யோசிச்சுக்க” என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் போன பிறகு எதிர்வீட்டு அம்மாளைக் கேட்டேன். அந்தத் தேதியில் சென்ட்காரரும் பை வைத்திருந்த இன்னொருவரும் பத்தே முக்காலுக்கு வந்து, பதினொன்றரைக்குச் சிரித்துப் பேசிக்கொண்டு இறங்கிப் போனதைப் பார்த்ததாகச் சொன்னார். தம்பி இருக்கிறானே, உறவு ஆட்கள் போலிருக்கிறது என்று தான் உள்ளே போய்ப் பார்க்கவில்லை என்றும் சொன்னார். அவர் சாட்சி சொல்லத் தயாராக இருக்கிறார்.

அதன் பிறகு மூன்றாவது மாதம், புதுக் கடனுக்கும் தவணை வரவில்லை என்று வீட்டைக் காலி செய்யச் சொல்லி நிறுவனம் நோட்டீஸ் ஒட்டியது. வக்கீல் நீதிமன்றத்தில் மனுப் போட்டு ஆறு வாரத்துக்குத் தடை வாங்கிக் கொடுத்தார். ஏமாற்றி எடுத்த ரேகை என்று காட்ட வேண்டுமானால் காவல் துறை விசாரணை அறிக்கை வேண்டும் என்று நீதிமன்றம் கேட்டது. நான் புகார் கொடுக்க வந்த முதல் இரண்டு தடவையும் அக்கா தம்பி விவகாரம், வீட்டுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று திருப்பி அனுப்பப்பட்டேன். மூன்றாவது தடவை வக்கீலும் கூட வந்ததால் புகாரை வாங்கிக்கொண்டார்கள். இதற்கெல்லாம் விடுப்பு எடுத்து எடுத்து, சலவைப் பிரிவில் என்னை மாதச் சம்பளத்திலிருந்து மணிக்கணக்குக் கூலிக்கு மாற்றிவிட்டார்கள். இன்று இங்கே இருக்கும் நேரத்துக்கும் கூலி கிடையாது.

போன வியாழக்கிழமை காலை விசாரணை அதிகாரியும் ஒரு பெண் காவலரும் மருத்துவரும் அக்காவை விசாரிக்க வீட்டுக்கு வந்தார்கள். அக்கா பேச முடியாதவர் என்பதால் தலையாட்டச் சொல்லிக் கேட்டார்கள். நான் கதவுக்கு வெளியே நிற்க வைக்கப்பட்டேன், ஆனால் எல்லாம் தெரிந்தது. இது பகலா என்று கேட்டார்கள், ஆம் என்றார். உங்களுக்கு நான்கு பிள்ளைகளா என்று மருத்துவர் கேட்டார், இல்லை என்றார். அதன் பிறகு அதிகாரி பத்திரத்தைக் காட்டி, இது உங்கள் ரேகையா என்று கேட்டதற்கு ஆம் என்று தலையாட்டினார். உங்களுக்கு விருப்பம் இல்லாமல் தம்பி கையைப் பிடித்து வைத்தாரா என்று கேட்டதற்கு இல்லை என்றார். நீங்கள் சம்மதித்தீர்களா என்று கேட்டார். அக்கா கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். அதன் பிறகு ஆம் என்று தலையாட்டினார். அதிகாரி வேறு வேறு மாதிரி மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அதே பதில்.

அன்று மாலை வக்கீல் போனில், பாதிக்கப்பட்டவரே சம்மதித்ததாகச் சொன்னால் வழக்கு நிற்பது கஷ்டம் என்றார். டோக்கன் சீட்டும் எதிர்வீட்டு அம்மாளும் என் வாக்குமூலமும்தான் இனி மிச்சம் என்றார். போனை வைத்துவிட்டு அக்காவுக்கு உடம்பு துடைத்தேன். துடைத்துக்கொண்டே, “அவன்தானே உன் கையைப் பிடிச்சு அமுக்கினான்” என்று கேட்டேன். ஆம் என்று தலையாட்டினார். “நீ வேண்டாம்னுதானே இருந்தே” என்று கேட்டேன். ஆம் என்றார். “அப்புறம் ஏன் அவங்ககிட்ட மாத்திச் சொன்னே? வீடு போனா உன்னைத் தூக்கிக்கிட்டு நான் எந்தத் தெருவுல நிக்கறது?” என்று கேட்டேன். அக்கா இடது கையைக் கட்டிலுக்கு வெளியே நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, தரையிலிருந்து ஒரு உயரத்தைக் காட்டினார். எனக்கு முதலில் விளங்கவில்லை. ஏதோ கீழே விழுந்துவிட்டது என்று குனிந்து பார்த்தேன். அவர் கையை எடுக்காமல் அப்படியே பிடித்திருந்தார். அதன் பிறகு விளங்கியது. அம்மா இறந்தபோது தம்பி அந்த உயரம்தான் இருந்தான். அவனுக்கு ஐந்து வயது.

எனக்கு அப்போது எட்டு வயது. என் உயரத்தை அவர் காட்டவில்லை.

அக்காவுக்கு நினைவு தடுமாறுகிறது, கேட்பது புரியாமல் தலையாட்டினார் என்று நான் சொன்னால் வியாழக்கிழமை சொன்னது தள்ளுபடியாகும், வீட்டுக்கும் அது நல்லது என்று இதை எழுதிக்கொள்ளும் அதிகாரி என் மேல் இரக்கப்பட்டுச் சொன்னார். அப்படி எழுத வேண்டாம். அக்காவுக்கு நினைவு நன்றாக இருக்கிறது. கேட்டது எல்லாம் அவருக்குப் புரிந்தது. தெரிந்தேதான் தலையாட்டினார். அவர் சொன்னது பொய் என்று நான் சொல்கிறேன். அவருக்குப் புத்தி இல்லை என்று சொல்ல மாட்டேன். புகாரை நான் திரும்பப் பெறவில்லை. தம்பிக்கு என்ன தண்டனை வேண்டும் என்று கேட்டதற்கு, அது எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.

இப்போது அக்கா வீட்டில் தனியாக இருக்கிறார். வெளியில் பூட்டிவிட்டு வந்திருக்கிறேன். மணி மூன்றாகிறது, அவரைத் திருப்பிப் படுக்க வைக்கும் நேரம் தாண்டிவிட்டது.

மேலே உள்ளதை அதிகாரி நிதானமாக வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதற்கு மேல் ஒன்றும் சேர்க்கவில்லை, சொன்னதில் ஒன்றும் விடவில்லை. அனைத்தும் உண்மை என்று ஒப்புக்கொண்டு ஒவ்வொரு தாளிலும் கையொப்பம் இட்டுள்ளேன்.

(கையொப்பம்)
புகார்தாரர்

என் முன்னிலையில் எழுதி, வாசித்துக் காட்டி, சரியென்று ஏற்கப்பட்டது.
(கையொப்பம்)
விசாரணை அதிகாரி